மியூல்: சுரங்கத்தைவிட சந்தைதான் பெரிய ஆட்டம்

1983-ல் அட்டாரி கணினிக்கு வந்த விளையாட்டு மியூல். வடிவமைப்பு டேனியெல் பன்டன் பெர்ரி, வெளியீடு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். இராட்டா என்ற கிரகத்தில் நான்கு பேர் நிலம் பிடித்து, இயந்திரக் கோவேறு கழுதைகளை வைத்து உணவு, மின்சக்தி, ஸ்மித்தோர் என்ற தாது, கிரிஸ்டைட் என்ற கனிமம் ஆகியவற்றை எடுக்க வேண்டும். (இராட்டாவின் ஆங்கில எழுத்துகளான Irata-வைத் திருப்பிப் படித்தால் Atari!)

ஆற்றோரம் உணவுக்கு, சமவெளி மின்சக்திக்கு, மலை ஸ்மித்தோருக்கு. கிரிஸ்டைட் கண்ணுக்குத் தெரியாது. மண் மாதிரி எடுத்து ஊருக்குள் இருக்கும் ஆய்வகத்தில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். கிரிஸ்டைட் ஆட்டத்தின் 'போட்டி' நிலையில் (டோர்னமென்ட்) மட்டுமே உண்டு; கொள்ளையர் வந்தால் மொத்தமும் போய்விடும்.

புதிதாக ஆடுபவர்கள் சறுக்குவது இங்கேதான்: எல்லோரும் தாதுவுக்கே ஓடுவார்கள். உணவு குறைந்தால் உங்கள் முறைக்கான நேரம் சுருங்கும். மின்சக்தி குறைந்தால் சில நிலங்கள் எதுவுமே தராது. ஸ்மித்தோரை யாரும் கடைக்கு விற்காவிட்டால் புதுக் கழுதைகள் செய்ய முடியாமல் விலை எகிறும். கழுதையை நிலத்திலுள்ள வீட்டின் மேல் சரியாக நிறுத்திப் பொத்தானை அழுத்துங்கள். கொஞ்சம் தள்ளி அழுத்தினால் அது ஓடியே போய்விடும், காசும் போச்சு.

ஒரே பொருளை அடுத்தடுத்த நிலங்களில் போட்டால் விளைச்சல் கூடும். எடுத்த பொருள்களை விற்று வாங்கும் ஏலத்தில், திரையில் விற்பவர் மேலிருந்து இறங்க, வாங்குபவர் கீழிருந்து ஏற, இருவரும் தொடும் இடமே விலை. இந்தப் பேரத்தைத் தனியாகக் கணினியோடு ஆடினால் சப்பென்றிருக்கும். நான்கு ஜாய்ஸ்டிக் போடும் வசதியுள்ள அட்டாரி 800-தான் இதற்குச் சரியான வீடு.