பல்லு புடுங்குனதுக்கு 3 ஸ்டார், டிரெஸ்ஸிங் பண்ணதுக்கு 5 ஸ்டார்

எங்க ஏரியா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மாடில இருக்க பல் கிளினிக்குங்க இது. கீழ இடது பக்கம் கடைசி கடவாப்பல்லு பாதி ஒடஞ்சு வேரு மட்டும் நின்னுச்சு, இனி வேர் சிகிச்சை பண்ணியும் பிரயோஜனம் இல்லன்னு சொல்லிட்டாங்க, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் புடுங்கிட்டேன். புடுங்குன விதத்துல ஒரு கொறையும் இல்ல, மரத்துப்போற ஊசி நல்லா ஏறுற வரைக்கும் பொறுமையா இருந்து பண்ணாங்க, வலியே தெரியல. 1200 ரூவா ஆச்சு, எக்ஸ்ரேவும் அதுலயே சேத்தி.

மூணு ஸ்டார் ஏன்னா, கிளம்புறப்ப கைல ஒரு சீட்டு குடுத்தாங்க, சூடா சாப்பிடாதீங்க, ஸ்ட்ரா போட்டு குடிக்காதீங்க, காறித் துப்பாதீங்கன்னு வரிசையா எழுதி கடைசில "புகை பிடிக்கக் கூடாது"ன்னு ஒரு வரி. எத்தன நாளைக்குன்னு இல்ல, ஏன்னு இல்ல. நான் ஒரு நாளைக்கு எட்டு பத்து சிகரெட் அடிக்கிறவன், அத யாருமே கேக்கவும் இல்ல, நானும் சொல்லல. எல்லா ஆஸ்பத்திரிலயும் சொல்றதுதானேன்னு விட்டுட்டு புதன்கிழமை ராத்திரி மொட்டை மாடில ரெண்டு அடிச்சேன். அதுவும் பல்லு புடுங்குன எடத்துல பஞ்ச கடிச்சுக்கிட்டு மெதுவா இழுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு கூட வேலை பாக்குற ஒருத்தர் சொன்னத நம்பித்தான்.

வியாழன் ராத்திரி ஆரம்பிச்சுச்சு பாருங்க. புடுங்குன அன்னைக்கு கூட அப்படி ஒரு வலி இல்ல, குழிக்குள்ள இருந்து விண்ணு விண்ணுன்னு காதுக்கும் நெத்திப்பொட்டுக்கும் ஏறுது, வாயில ஒரு கெட்ட வாடை, மாத்திரை போட்டா ஒரு மணி நேரம் கூட தாங்கல. செல்போன் டார்ச் அடிச்சு என் வீட்டம்மா பாத்துட்டு, ஏங்க, உள்ள ரத்தக்கட்டியே இல்லங்க, வெள்ளையா எலும்பு மாதிரி தெரியுதுங்கன்னு பயந்துட்டாங்க.

வெள்ளிக்கிழமை காலைல அதே கிளினிக்ல வேற ஒரு லேடி டாக்டர் இருந்தாங்க. வாயத் தொறந்து பாத்ததும் மொத கேள்வியே "சிகரெட் எப்ப சார் அடிச்சீங்க?"ன்னுதான். திட்டல. இதுக்குப் பேரு டிரை சாக்கெட்டு சார், பல்லு போன குழில ரத்தம் உறைஞ்சு ஒரு மூடி மாதிரி நிக்கணும், அதுதான் எலும்பையும் நரம்பையும் காப்பாத்துது, நீங்க புகைய உறிஞ்சுற இழுப்புலயே அது பேந்து வந்துரும், மெதுவா இழுத்தாலும் நிக்கோட்டின் ரத்தக்குழாய சுருக்கிரும், குழிக்கு ரத்தம் வர்றது கொறஞ்சுரும், அப்பறம் எப்படி ஆறும்னு கேட்டாங்க. புகை பிடிக்காதவங்களுக்கும் வரும், ஆனா பிடிக்கிறவங்களுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகமாம். ஆன்டிபயாடிக் மாத்தித் தருவாங்கன்னு நெனச்சேன், இது சீழ் இல்ல, அது தேவையில்லன்னுட்டாங்க.

உப்புத்தண்ணிய ஊசில எடுத்து குழிய கழுவிட்டு, மஞ்சக் கலர் மருந்து தோச்ச துணித் திரிய சின்ன இடுக்கில புடிச்சு கொஞ்சம் கொஞ்சமா உள்ள வச்சாங்க. கிராம்பு வாசம் அப்படியே மூக்குல ஏறுச்சு, அஞ்சு நிமிஷத்துல அந்த தெறிப்பு அடங்கிருச்சுங்க, ராத்திரி முழுக்க தூங்காதவனுக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஞாயிறும் செவ்வாயும் வரச்சொல்லி திரி மாத்துனாங்க, தடவைக்கு 200 ரூவா.

நிக்கோட்டின் சூயிங்கம் மெடிக்கல்ல வாங்கிக்கவான்னு கேட்டேன். குழி ஆறுற வரைக்கும் மெல்லுற வேலையே வேணாம், ரொம்ப முடியலன்னா ஒட்டுற பேட்ச்ச பத்தி பேசுவோம், அதுலயும் நிக்கோட்டின் இருக்கு, ஆனா உறிஞ்சுறதும் சூடும் இல்லன்னு சொன்னாங்க. கொறஞ்சது 72 மணி நேரம் தொடாதீங்க, ஒரு வாரம் தாண்டுனா இன்னும் நல்லதுன்னு ஏன் எதுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க. இத செவ்வாய்க்கிழமையே ஒரு நிமிஷம் சொல்லிருந்தா நான் சத்தியமா காத்துருப்பேன். கிளினிக்காரங்க இத படிச்சா தயவுசெஞ்சு அந்தச் சீட்டுல புகை வரிய மேல கொண்டு வாங்க, எத்தன மணி நேரம்னு போடுங்க, பல்லு புடுங்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் பீடி சிகரெட் உண்டான்னு வாய்விட்டு கேளுங்க. போறவங்களும் கூச்சப்படாம சேர்ல உக்காரும்போதே சொல்லிருங்க.

சிகரெட் டப்பாலயே 1800-11-2356ன்னு நம்பர் போட்டுருக்கும், விடுறதுக்கு உதவி பண்ற இலவச லைன், இத்தன வருஷமா கைல புடிச்சும் நான் படிச்சதே இல்ல. டாக்டர் காட்டுன அன்னைக்குத்தான் கூப்ட்டேன். இன்னையோட பத்தொம்பது நாள், குழி மேல சதை மூடிருச்சு, அந்த டப்பால ஏழு அப்படியே இருக்கு. திரி வைக்க அந்த லேடி டாக்டர்தான் வேணும்னா வெள்ளி, ஞாயிறு, செவ்வாய் காலைல போங்க, ஒம்பது மணிக்குள்ள டோக்கன் போட்டுருங்க.