உரும்பிராய் வளவு: பற்றை வெட்ட எந்த மாதம் ஆள் பிடிப்பது?

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் போகிறவர்கள் பலர் முதல் வேலையாகப் பூட்டிக் கிடக்கும் வளவைத் துப்புரவாக்க ஆள் தேடுவார்கள். ஆவணி வெயிலில் இடுப்பளவுக்குப் பற்றை காய்ந்து நிற்கும்போது மனம் பொறுக்காதுதான். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் இருக்கும் எங்கள் வளவு பன்னிரண்டு பரப்பு, முக்கால் ஏக்கர். அங்கே இப்போது யாரும் இல்லை. இந்த முறை விசாரித்ததையும் ஏற்பாடு செய்ததையும் எழுதுகிறேன்.

ஆளுக்கு ஆள் சொல்லும் முதல் யோசனை ஜேசிபி. அரை நாளில் வளவு மொட்டையாகிவிடும். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. எங்கள் பக்கத்துச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஜேசிபி வழித்துக்கொண்டு போவது நல்ல மேல்மண்ணை. பக்கத்து வளவில் அப்படிச் செய்வித்தார்கள். மழைக்குப் பிறகு அங்கே எழும்பியது பார்த்தீனியம் என்ற களையும் கோரைப்புல்லும்தான். கோரைக்கிழங்கைக் கிளறிப் பரப்பினால் அது பெருகத்தானே செய்யும்!

அடுத்தது, தோளில் கொழுவும் புல் வெட்டும் மெசினோடு வருகிறவர்கள். நாட்கூலி, பெற்றோல் தனி. வெட்டியதை ஒதுக்குவதும் கூலிக்குள் அடக்கமா என்று முதலே கேட்டுவிடுங்கள். எங்களிடம் வந்தவர் மெசினை இறக்கவே இல்லை. காய்ந்த பார்த்தீனியச் செடியொன்றைப் பிடுங்கி உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். பொடிப்பொடியாக நாலைந்து விதை மட்டும் விழுந்தது.

“அக்கா, மிச்சமெல்லாம் நிலத்தில கொட்டிப் போச்சு. இப்ப வெட்டினா காசுதான் கரையும். கார்த்திகையில, பூக்க முதல் வெட்டுவம்.”

வந்த கூலியை வேண்டாம் என்று சொல்லும் மனிதரை நம்பாமல் யாரை நம்புவது? ஐப்பசியில் மழை தொடங்கியதும் முளைப்பது கார்த்திகையில் பச்சையாக, மென்மையாக நிற்கும். அப்போது ஒரு வெட்டு, தையில் மழை விட்ட பிறகு இன்னொன்று. பார்த்தீனியத்தை மட்டும் ஈரமண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை கட்டாயம், அது தோலில் பட்டால் சிலருக்கு அரிப்புத் தாங்காது. இரண்டு தடவைக்கும் அவருடனேயே பேசி முடித்தேன். வேலைக்கு முன்னும் பின்னும் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புவார், பார்த்த பிறகு காசு.

வெட்டியதைக் கொளுத்த வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். விதை பிடிக்காத பச்சையையும் பொச்சுமட்டையையும் தென்னையடியில் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும், புல்லும் அடங்கும். பனையோலையைத் தாட்டுப் பசளையாக்கிய ஊர் அல்லவா நம்முடையது. நடுவில் வெயில் விழும் வெறுமையான இடத்தில் மாங்கன்றுகள் வைக்க ஏற்பாடு. நிழல் கூடக் கூட வெட்டும் வேலை குறையும். வேலிச் சீமைக்கிளுவையை அடுத்த வீட்டு அம்மா ஆடுகளுக்கு வெட்டிக்கொள்வார், ஆட்டையும் உள்ளே கட்டுவார். கேற் திறப்பு அவரிடம்தான். ஆடு பார்த்தீனியத்தை அவ்வளவாகத் தொடாது, அதனால் பிடுங்கும் வேலை மிஞ்சும்.

களைநாசினி அடித்துத் தருகிறோம் என்றும் சிலர் கேட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊரில், சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடே எல்லாம் கீழே இறங்கும் நிலத்தில், தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க அனுமதி வேண்டும். துப்புரவாக்கும் சாக்கில் யாரும் கை வைக்காமல் பிரதேச செயலகத்தில் முதலே விசாரியுங்கள். அப்புறம் டெங்கு. மாரியில் சிரட்டையிலும் உடைந்த பானையிலும் தண்ணீர் தேங்கினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடலாம், அதைவிட அயலில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம். அதனால் கார்த்திகை வெட்டோடு சிரட்டை பொறுக்குவதையும் கூலியில் சேர்த்தே பேசுங்கள்.