பம்பு கண்ட்ரோலரைச் சர்வீசுக்குக் கொடுக்கும் முன்: கண்ணாடி துடைக்கும் தொழிலில் இருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கோவை, திருப்பூர், ஈரோடு பகுதிகளில் நீளக் கம்பத்தின் வழியே சுத்திகரித்த நீரை ஏற்றி உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைத் துடைத்துத் தரும் தொழிலில் இருப்பவர்கள், பம்பு கண்ட்ரோலரை (பம்பை ஓட்டுவதையும் நிறுத்துவதையும் கவனிக்கும் மின்னணுப் பெட்டியை) யாரிடமாவது சரிசெய்யக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். எனக்குக் கருவிகளை விற்று வண்டியில் பொருத்தியும் தந்த கோவைக் கடை ஒன்று, தான் செய்த வயரிங் கோளாறை மறைக்கக் கண்ட்ரோலரின் அளவுகளை (செட்டிங்ஸ்) எனக்குச் சொல்லாமல் மாற்றியதோடு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பையும் கெட்டுப்போனதாகச் சொல்லிப் புதியது ஒன்றை என் தலையில் கட்டிவிட்டது.

அவிநாசி சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை நடந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றிய 12 வோல்ட் பேட்டரி காலையில் நன்றாகவே இழுக்கும். வெயில் ஏறுவதற்குள் கண்ட்ரோலர் ‘பேட்டரி குறைவு’ என்று காட்டிப் பம்பை நிறுத்திவிடும். கடைக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்தவர் மூடியைக்கூடக் கழற்றாமல், “போர் தண்ணிங்கண்ணா, உப்பு பம்பைத் தின்னுடுச்சுங்க, புதுசு போட்டாத்தான் ஆகும்” என்றார். நம் ஊர்க்காரரிடம் உப்புத் தண்ணீர் என்று சொன்னால் மறுபேச்சு இருக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இந்தப் பம்பு போர்வெல் தண்ணீரைத் தொடுவதே இல்லை. உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ வடிகட்டியையும், மிச்ச உப்பை ஈர்த்துக்கொள்ளும் ரெசினையும் தாண்டித் தொட்டிக்கு வந்த நீரைத்தான் அது உறிஞ்சுகிறது. அந்த நீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 10-க்குக் கீழே காட்டாவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி விழும், ஆகவே தினமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம். இதை எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் வேலை நிற்கக் கூடாதே என்பதற்காக 12,000 ரூபாய்க்குச் சற்று மேல் கட்டினேன். பழைய பம்பை மட்டும் கையோடு வாங்கிக்கொண்டேன்.

பம்பு புதிதாக வந்தபின் கண்ட்ரோலர் ஒருமுறைகூட நிற்கவில்லை என்பது முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நிற்க வேண்டிய நேரத்திலும் அது நிற்கவில்லை. கம்பத்தின் முனையில் வால்வை மூடினால் ஓஸ் குழாயில் அழுத்தம் ஏறி, பம்பு இழுக்கும் மின்னோட்டம் மாறும்; அதை உணர்ந்து பம்பை நிறுத்துவதுதான் கண்ட்ரோலரின் வேலை, இதை ‘டெட் எண்ட்’ என்பார்கள். அது நடக்காமல், பம்பின் சொந்தப் பிரஷர் சுவிட்ச் டக் டக்கென்று வெட்டி வெட்டிச் சேர்ந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஓஸ் குழாயைச் சுற்றும் ரீலில் இருந்த கிளாம்ப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் முழுவதும் வண்டிக்குள் கொட்டியது. அதற்குள் பேட்டரியும் சார்ஜ் நிற்காத நிலைக்கு வந்துவிட்டது.

அளவுகளைத் திறந்து பார்த்தபோது விஷயம் விளங்கியது. பேட்டரி எந்த வோல்ட்டுக்கு இறங்கினால் பம்பை நிறுத்த வேண்டும் என்ற வெட்டு அளவு 10.5 வோல்ட்டில் இருந்தது; அதை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தார்கள். ஈய அமில பேட்டரியை அந்த அளவுக்குக் கீழே ஓட்டினால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து அதன் ஆயுளே போய்விடும். டெட் எண்ட் உணர்திறனையும் மிகவும் மந்தமாக வைத்திருந்தார்கள். இதை வேலை செய்யும் இடத்தில், ஓஸ் குழாயை முழுவதும் விரித்து, பிரஷ் மாட்டி, நீர் வழக்கமான வேகத்தில் வரும்போது அளந்து வைக்க வேண்டும். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கூடுவதால், கடை மேசையில் முழ நீளக் குழாயை மாட்டி வைத்த அளவு மாடிக் கட்டடத்துக்குப் பொருந்தாது.

உண்மையான கோளாறு வயரில் இருந்தது. பம்பு ஓடும்போது மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன்: பேட்டரி முனையில் 12.4 வோல்ட், கண்ட்ரோலர் முனையில் 10.8. முன்பக்கத்துப் பேட்டரியிலிருந்து பின்பக்கத்துப் பம்புக்குப் போக ஆறு மீட்டர், திரும்பி வர ஆறு மீட்டர் என்று 1 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்திருந்தார்கள். 8 ஆம்பியர் ஓடும் இடத்தில் அது ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடுகிறது. பேட்டரியில் பாதிச் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே கண்ட்ரோலர் அது தீர்ந்துவிட்டதாக நினைத்ததில் வியப்பில்லை. 4 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாற்றியதும் இழப்பு அரை வோல்ட்டுக்குள் வந்தது. பழைய பம்பை மாட்டிப் பார்த்தேன். எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

கடையில் கேட்டதற்கு, “செட்டிங்ஸ் மாத்துனதுக்கெல்லாம் யாருங்க பில்லுல எழுதுவாங்க” என்றார்கள். எழுதத்தான் வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் முதலில் கண்ட்ரோலரின் ஒவ்வொரு அளவையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதை மாற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தை விட்டுவிட்டு வராதீர்கள். பம்பு போய்விட்டது என்று சொன்னால், கண்ட்ரோலர் இல்லாமல் நேராகப் பேட்டரியில் கொடுத்து உங்கள் கண்முன்னே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போடலாம். அதற்கான தாள்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வண்டியில் இப்போது ஓடுவது பழைய பம்புதான். அவர்கள் விற்ற புதியதைக் கழற்றி, பில்லோடு சேர்த்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.