வனத்துறை வேலைக்குப் பயிற்சி என்று பணம் கட்டுவதற்கு முன் உயரத்தை அளந்துவிடுங்கள்

வனத்துறை வேலைக்குத் தயாராகும் தம்பி தங்கைகளும், அவர்களுக்காகப் பணம் கட்டப்போகும் வீட்டுக்காரர்களும் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள். தேனிப் பக்கம் ஒரு தனியார் பயிற்சி மையம் என் தம்பியிடம் 48,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அவனால் ஒருநாளும் சேர முடியாத வேலைக்குப் பயிற்சி கொடுத்தது. பாடம் சரியாக நடத்தவில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் இவ்வளவு தூரம் எழுத மாட்டேன். அவனுக்கு அந்த வேலை கிடைக்காது என்று சேர்த்த அன்றைக்கே அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினார்கள்.

போலீஸில் புகார் போயிருப்பதால் மையத்தின் பெயரை இங்கே போடவில்லை. அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்கிறேன், வேறு ஊர்களிலும் இதே மாதிரி இருப்பார்கள்.

வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். காக்கிச் சட்டை, ஜீப், பின்னால் ஒரு புலி. 'ரேஞ்சர், ஃபாரஸ்டர், ஃபாரஸ்ட் கார்டு. ஒரே கோர்ஸ். 100% வேலை உறுதி' என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே வைகை அணையில் இருக்கும் தமிழ்நாடு வனவியல் பயிற்சிக் கல்லூரி வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் படம். பார்த்தால் இந்த மையம் அந்தக் கல்லூரியோடு சம்பந்தப்பட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனில் கூட்டிப் போய், கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து எடுத்த படம் அது. அந்தக் கல்லூரி, தேர்வாகி வேலைக்கு வந்தவர்களுக்கு அரசே பயிற்சி கொடுக்கும் இடம். வெளியாள் பணம் கட்டி உள்ளே போகவே முடியாது.

'ஒரே கோர்ஸ்' என்பதும் பொய். வனக் காப்பாளர், அதாவது ஃபாரஸ்ட் கார்டு வேலைக்குத் தேர்வு தனி, வனவர், அதாவது ஃபாரஸ்டருக்குத் தனி, ரேஞ்சருக்குத் தனி. கார்டு, வாட்சர் (வனக் காவலர்) இரண்டும் 2024 ஜனவரியில் வந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அறிவிப்பிலிருந்து குரூப் 4-க்குள் வந்துவிட்டன. அதற்கு முன்பு வனத்துறைக்கென்று இருந்த தேர்வுக் குழுமம் தனியாக ஆள் எடுத்தது. வனவருக்குப் பட்டப்படிப்பு வேண்டும், 2024-ல் அந்தப் பணியிடங்கள் குரூப் 2-ல் வந்தன. ரேஞ்சராக நேரடியாகப் போக வனத் தொழில் பழகுநர் தேர்வு என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் குறிப்பிட்ட பாடங்களில் பட்டம் வேண்டும். ப்ளஸ் டூ முடித்த பையனிடம் 'ரேஞ்சர் ஆக்குகிறோம்' என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

கார்டு வேலைக்கு ப்ளஸ் டூ போதும். ஆனால் இயற்பியல், வேதியியல், உயிரியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஏதாவது ஒன்று பாடமாக இருந்திருக்க வேண்டும். தம்பியோடு அறையில் தங்கியிருந்த இரண்டு பேர் ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். சேர்க்கும்போது அவர்களுடைய மதிப்பெண் பட்டியலை வாங்கிப் பார்த்துத்தான் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடினார்கள், ராத்திரி பத்து மணி வரை படித்தார்கள். அதில் ஒருவனுடைய அப்பா ஏலக்காய்த் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். கார்டு வேலைக்கு ஆண்களுக்கு 163 செ.மீ., பெண்களுக்கு 150 செ.மீ. வேண்டும். பழங்குடியினர் என்றால் ஆண்களுக்கு 152, பெண்களுக்கு 145. ஆண்களுக்கு மார்பளவு 79 செ.மீ. இருந்து, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். உயரத்தில் அரை சென்டிமீட்டர் குறைந்தாலும் எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சேர்க்கும் அன்று மையத்தின் ஹாலில், சுவரில் பெயின்ட்டால் எழுதிய ஸ்கேலில் தம்பியை நிற்க வைத்தார்கள். "164! சூப்பர், பாஸ்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார் மாஸ்டர். பிறகு உள்ளே அழைத்துப்போய், ட்ரெயினிங் யூனிஃபார்ம் தைக்க அளவு எடுக்க வேண்டும் என்று டேப் வைத்தும் அளந்திருக்கிறார்கள்.

அந்தச் சுவரை நான் பிறகு ஒருநாள் குனிந்து பார்த்தேன். ஸ்கேல் எழுதியது முதலில், தரைக்கு டைல்ஸ் போட்டது பிறகு. கலவையும் டைல்ஸுமாகத் தரை மேலே ஏறிவிட்டது, ஸ்கேல் பழைய தரைக்கணக்கிலேயே நிற்கிறது. கீழே 1, 2 என்ற எண்களே இல்லை. 3-ல் பாதி டைல்ஸுக்குள் போயிருந்தது. அங்கே நிற்கிற எல்லோருக்குமே 3 செ.மீ. கூடுதலாகத்தான் காட்டும். தம்பியின் உண்மையான உயரம் 161.

இது தெரியாமல் நடந்தது என்று அவர்கள் சொல்ல முடியாது. சான்றிதழைத் திருப்பி வாங்கப் போனபோது தம்பியின் விண்ணப்பத்தை என் முன்னால்தான் ஃபைலிலிருந்து எடுத்தார்கள். உயரம் என்ற இடத்தில் பேனாவால் 164. பக்கத்திலேயே சின்னதாகப் பென்சிலில் 161, அதைச் சுற்றி ஒரு வட்டம். அவர்கள் சுதாரிப்பதற்குள் போனில் படம் எடுத்துவிட்டேன். எங்கள் புகாருக்கு அதுதான் இப்போது முக்கியமான ஆதாரம்.

பயிற்சியும் சொல்லும்படி இல்லை. குரூப் 4-ல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ், பத்தாம் வகுப்புத் தரம். தமிழில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். மீதி 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். இப்படி இருக்கும்போது அந்த மையத்தில் தமிழுக்கு ஆசிரியரே கிடையாது. பழைய தனித் தேர்வுக்கு அச்சடித்த கைடைத்தான் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரங்களின் தாவரவியல் பெயர்களைப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தார்கள்.

உடற்பயிற்சி என்ற பெயரில் போலீஸ் வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி 1,500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல். வனத்துறையில் கேட்பது நடை. ஆண்கள் 25 கி.மீ., பெண்கள் 16 கி.மீ., நான்கு மணி நேரத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஆண்களுக்கு ஒரு கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம்கூட வராது. கடைசி வரை வேகம் குறையாமல் போக வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து ஒருதடவைகூட அவர்களை 25 கி.மீ. நடக்க வைக்கவில்லை.

இதற்கு மேல்தான் பெரிய மோசடி வந்தது. "எக்ஸாம் ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் டெம்பரவரியா வேட்டைத் தடுப்புக் காவலரா உள்ள போட்டுடலாம், பின்னாடி பர்மனென்ட் ஆகிடும்" என்று மையத்தின் ஆள் ஒருவர் தம்பியிடம் பேச ஆரம்பித்தார். ஒன்றரை லட்சம் கேட்டார். போனில் ஒரு பணி ஆணையைக் காட்டினார். அரசு முத்திரை, மேகமலை என்று இடம், கீழே கையெழுத்து. "இன்டர்வியூல நம்ம ஆளு இருக்காரு" என்றும் சொல்லியிருக்கிறார். தம்பி வீட்டுக்கு வந்து, "அக்கா, இன்னொரு நகை வைக்க முடியுமா?" என்று கேட்டான். முதல் 48,000-க்கே என் வளையல் கூட்டுறவு சங்கத்தில் அடகில் இருந்தது.

எங்கள் தெருவில் வனவராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியப்பா இருக்கிறார். சொந்தம் இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவரிடம் தம்பியைக் கூட்டிப்போனேன். பணி ஆணையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே அவர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கதவு நிலையோடு ஒட்டி நிற்க வைத்து, தலைமேல் ஒரு நோட்டைத் தட்டையாக வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நூத்தி அறுபத்தொண்ணு. தம்பி, உன்னை எவன்டா கார்டு வேலைக்குச் சேத்தான்?" என்றார்.

தம்பி பேசவே இல்லை. கம்பியில் தொங்கினால் உயரம் ஏறிவிடும் என்று மாஸ்டர் சொன்னதை மெதுவாகச் சொன்னான். "இருபத்திரண்டு வயசுக்கு மேல என்னத்தடா ஏறும்?" என்று கேட்டுவிட்டு, பெரியப்பா அவன் தோளில் கைவைத்து உட்கார வைத்தார். குரூப் 4-ல் நேர்முகத் தேர்வே கிடையாது, அதனால் இன்டர்வியூவில் ஆள் இருக்கிறார் என்பது முழுப் பொய் என்றார். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் பெரும்பாலும் காட்டை ஒட்டி வாழும் பழங்குடி மக்கள், அந்தக் காட்டைக் கைரேகை மாதிரி அறிந்தவர்கள், அந்த இடத்தை இப்படி டவுனில் உட்கார்ந்து யாரும் விற்க முடியாது என்றார். மேகமலை வனக் கோட்டத்தில் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டு அந்த ஆணை எண்ணைக் கேட்டார். அப்படி ஓர் ஆணையே இல்லை.

அன்று சாயங்காலம் முழுக்க அந்த வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, ராத்திரி யானை ஊருக்குள் வந்தால் விரட்டப் போவது, கணக்கெடுப்புக்கு நாள்கணக்கில் காட்டுக்குள் தங்குவது. சரக அலுவலகத்தில் ஜீப் இருக்கும், ஆனால் பீட்டுக்குள், அதாவது ஒரு கார்டின் பொறுப்பில் இருக்கும் காட்டுப் பகுதிக்குள், நடந்துதான் போக வேண்டும் என்றார். அதனால்தான் தேர்விலேயே 25 கி.மீ. நடக்க வைக்கிறார்கள். அந்த வேலை மேல் அவருக்கு இருந்த மரியாதையைப் பார்த்தபோது, அதன் பெயரைச் சொல்லி ஃபிளெக்ஸ் அடிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

சான்றிதழைத் திரும்ப வாங்குவது தனிப் போராட்டம். பத்தாவது, ப்ளஸ் டூ மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று எல்லாம் ஒரிஜினலாக வாங்கி வைத்திருந்தார்கள், "வெரிஃபிகேஷனுக்கு" என்று. தனியார் மையம் சரிபார்ப்பதற்கு எதுவுமே இல்லை. விண்ணப்பம் போடுவதும் சான்றிதழ் பதிவேற்றுவதும் நம் பெயரில் டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்தில் நாமே செய்வது. ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், அது ஐந்து வருடம் செல்லும். குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். அரசுக்குப் போகும் பணம் அவ்வளவுதான், அதிலும் பலருக்குச் சலுகை உண்டு. "பாக்கி ஃபீஸ் 12,000 கட்டினாத்தான் சர்டிஃபிகேட்" என்று உரிமையாளர் நின்றுகொண்டார். நான் காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு போன பிறகுதான் ஃபைலைத் திறந்தார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "ட்ரெயினிங் குடுத்தாச்சுல்ல" என்றார்கள்.

போலிப் பணி ஆணைக்கு மாவட்டக் குற்றப் பிரிவில் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவில் குற்றம். கட்டணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. 5 லட்சம் வரையிலான தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது. வேலை உறுதி என்று பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரிலேயே விதிமுறை கொண்டுவந்துவிட்டது. அதனால் அந்த ஃபிளெக்ஸின் படத்தையும் மனுவோடு சேர்த்திருக்கிறோம். போலி ஆணையை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆன்லைனில் பணம் வாங்கியிருந்தால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915.

தம்பி இப்போது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் படிக்கிறான், அங்கே வகுப்பு இலவசம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறான். வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர் பணிகளுக்கு உயரம் பார்ப்பதில்லை, அதைக் குறிவைத்துத்தான் குரூப் 4 எழுதப் போகிறான்.

இப்படி ஒரு மையத்தில் பணம் கட்டியவர்கள் ரசீது, யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, விளம்பரப் படம் எதையும் அழித்துவிடாதீர்கள். ரசீது தரவில்லை என்றால் வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்கிக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு. அந்தக் காமர்ஸ் பையன்கள் இருவரும் எங்களோடு சேர்ந்து கையெழுத்துப் போட வருகிறார்கள். அதே ஹாலில், அதே சுவரில் அளந்து சேர்ந்தவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால், உங்கள் விண்ணப்பப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உயரம் எழுதிய இடத்தில் பென்சில் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.