செம்பனை ஆலை வேலைக்கு 1.2 மி.மீ. மிக் வெல்டிங் கம்பி

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் ஊர்ப் பட்டறைகளில் டிரெய்லர் சேஸி, செம்பனை ஆலைத் தொட்டி வேலைகளுக்குச் செம்பு பூசிய இஆர்70எஸ்-6 (சாதா எஃகுக்கான மிக் கம்பி ரகம்), 15 கிலோ சுருள் தாராளமாகப் போதும். கம்பி மெதுவாக உருகுகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் கம்பியல்ல, செட்டிங்.

1.2 மி.மீ. கம்பி மீட்டருக்குச் சுமார் 8.9 கிராம், நிமிடத்துக்கு 6 மீட்டர் ஓடினால் மணிக்கு 3.2 கிலோ உருகும். டிப்புக்கு (டார்ச் நுனியில் கம்பி வெளிவரும் செம்பு முனை) வெளியே நீளும் கம்பியை 12 மி.மீ.யிலிருந்து 18 ஆக்கினால் அது தன் மின்தடையாலேயே முன்கூட்டிச் சூடாகும், ஆம்பியர் இறங்கும். அப்போது கம்பி வேகத்தைக் கூட்டலாம். தடித்த தகட்டுக்கு மட்டும் வேண்டாம்: ஊடுருவல் குறையும், ஒட்டைக் காற்றிலிருந்து காக்கும் காஸ் மூடல் தளர்ந்து ஒட்டுக்குள் நுண்துளை விழும். டார்ச்சை மெஷினின் நெகட்டிவ் முனையில் மாட்டினால் இன்னும் வேகமாக உருகும்தான். ஆனால் ஆர்க் தடுமாறி ஒட்டு மேலோடு நின்றுவிடும்.

குறை ஒன்று உண்டு. கம்பிப் பூச்சின் செம்புத் துகள் லைனரை (டார்ச் கேபிளுக்குள் கம்பி ஓடும் குழாய்) அடைக்கும். கம்பியைத் தள்ளும் ரோலரை அதிகம் இறுக்கினால் இன்னும் மோசம். சுருள் மாற்றும்போதெல்லாம் லைனருக்குக் காற்றடியுங்கள். சுத்த சிஓ2-வில் சிதறல் அதிகம். 80/20 கலவை (80% ஆர்கான், 20% சிஓ2) விலை கூடினாலும் கிரைண்டர் வேலை மிச்சம். பிரித்த சுருளை நம் ஊர் ஈரத்தில் திறந்து வைத்தால் துருதான்.