குப்பை கொட்டிய காணியில் கட்டுமுன்: குழியா, துளையா?

கைவிடப்பட்ட குப்பை மேட்டைச் சமப்படுத்தி, மேலே ஓரடி கிறவல் பரப்பிவிட்டால் அது வெறும் காணியாகவே தெரியும். அங்கே பாடசாலையோ வீடமைப்புத் திட்டமோ வருமுன் மண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. பெக்கோவால் குழி வெட்டிப் பார்ப்பதா, இயந்திரத்தால் துளையிட்டு மாதிரி எடுப்பதா என்பதில்தான் கருத்து பிரிகிறது. திருகோணமலைக் காணிகளைப் பொறுத்தவரை முதலில் குழி, பிறகு துளை என்பதே என் முடிவு.

குழியின் சுவரில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பொலித்தீன் அடுக்கு, எரித்த சாம்பல், எண்ணெய் ஊறிக் கறுத்த மண், அதன் கீழே இயற்கை மணல் தொடங்கும் கோடு ஆகிய அனைத்தையும் அளந்து படமெடுக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இடிபாடுகள் கண்ட இடமெல்லாம் கொட்டப்பட்ட கரையோரத்தில், மண்ணோடு கலந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டுகள் குழியில் அகப்படும். நான்கு அங்குலத் துளையில் அவை சிக்குவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆனால் பெக்கோ நான்கைந்து மீற்றருக்கு மேல் எட்டாது. உப்புவெளி, நிலாவெளி போன்ற மணற்பாங்கான இடங்களில் நீர்மட்டத்தைத் தொட்டதும் சுவர் சரியும் என்பதால், குழிக்குள் எவரும் இறங்காமல் வாளியில் வரும் மண்ணிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். யுத்தம் நடந்த மாவட்டம் ஆகையால், வெடிபொருள் இல்லை என்ற உறுதி கிடைக்காமல் பெக்கோவை இறக்குவதும் தகாது.

துளை ஆழத்துக்குப் போகும். அதைவிட முக்கியமாக, குழாய் பொருத்தி அதை அவதானிப்புக் கிணறாக வைத்திருந்தால் நிலத்தடி நீரையும் வாயுவையும் மாதக்கணக்கில் அளக்கலாம். எனினும், குப்பைக்கு அடியில் களிமண் படை இருந்து அதைக் கவனமின்றித் துளைத்துவிட்டால், அதுவரை தேங்கியிருந்த, குப்பையில் ஊறி வடியும் கசிவுநீருக்கு நாமே கீழே வழி திறந்துவிடுகிறோம். நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களியால் துளையை அடைப்பதற்கான செலவு விலைமனுவில் உள்ளதா என்று பார்ப்பது அவசியம்.

வாயு விடயத்தில் துளைக்கு ஈடில்லை. குப்பை அழுகும்போது உருவாகும் மெதேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும். இங்கிலாந்தின் லொஸ்கோ கிராமத்தில் 1986 மார்ச் 24 அன்று குப்பை நிரப்பிய குழியிலிருந்து கசிந்த வாயு ஒரு வீட்டைத் தகர்த்தது. அதற்கு முந்தைய சில மணித்தியாலங்களில் வளிமண்டல அழுத்தம் வேகமாக வீழ்ந்திருந்தது; அழுத்தம் குறைந்தால் மண்ணுக்குள் அடைபட்ட வாயு வெளியே வரும். ஆகவே ஜூலை மாத வெயிலில் ஒரேயொரு நாள் அளந்து 'வாயு இல்லை' என்று எழுதும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகும் வடகீழ்ப் பருவத்திலும் அளவீடு வேண்டும். கசிவுநீர் மட்டம் உயர்வதும் அப்போதுதான்.

எந்த வழியில் எடுத்தாலும், ஆய்வுகூடக் கட்டணத்தை மிச்சப்படுத்த நான்கு மாதிரிகளைக் கலந்து ஒன்றாக அனுப்பும் வழக்கம் ஏமாற்றும். கிலோவுக்கு 1200 மில்லிகிராம் ஈயம் உள்ள ஒரு மாதிரி, 40 மட்டுமே உள்ள மூன்றுடன் சேர்ந்தால் 330 ஆகிவிடும். குடியிருப்பு மண்ணுக்கு அமெரிக்கா நெடுங்காலம் வைத்திருந்த 400 என்ற அளவுகோலில் அது தப்பிவிடும். 2024இல் அவர்கள் கொண்டுவந்த 200இல் அகப்படும். எளிதில் ஆவியாகும் இரசாயனங்களோ கலக்கும்போதே பறந்துவிடும்.

25 மீற்றர் இடைவெளியில் வெட்டினால் ஒரு ஹெக்டயருக்கு 16 குழிகள் வரும். முதற்கட்டத்துக்கு அது போதும். அவை காட்டும் இடங்களில் துளையிட்டு, நீரோட்டத் திசையை அறியக் குறைந்தது மூன்று கிணறுகளையும், நிலத்தடி நீர் குப்பையை நோக்கி வரும் பக்கத்தில் குப்பைக்கு வெளியே இன்னொன்றையும் அமைக்க வேண்டும். கடலோரத்தில் குளோரைட்டு கூடியிருப்பதை வைத்துக் கசிவுநீர் என்று சொல்லிவிட முடியாது. குப்பைக் கசிவுநீரில் மிகுந்து கடல்நீரில் அரிதான அமோனியாவையும் சேர்த்து அளந்து, அந்த வெளிக்கிணற்று நீரோடு ஒப்பிட்டால்தான் குப்பையின் பங்கு எது, கடலின் பங்கு எது என்று பிரிக்கலாம்.