சார்ஜர் கடை: அடுக்கி வைப்பதா, கேட்டு விற்பதா?

வீட்டுச் சுவரில் மாட்டும் எலக்ட்ரிக் கார் சார்ஜருக்கு ஆன்லைன் கடை போட இரண்டு வழி உண்டு. எல்லா மாடலையும் படம், விலையோடு அடுக்கி ஓரத்தில் ஃபில்டர் வைப்பது ஒன்று. முகப்பிலேயே நாலு கேள்வி கேட்டு, பதிலுக்குத் தோதான ஒன்றிரண்டை மட்டும் காட்டுவது இன்னொன்று. நான் முதலில் அடுக்கித்தான் வைத்தேன். எட்டு மாதத்தில் கேள்விக்கு மாறிவிட்டேன். ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுக்கு முறையில் வேலை குறைவு. ரெடிமேட் தீம் போட்டால் ஒரு வாரத்தில் கடை திறந்துவிடலாம். எது வேண்டுமென்று தெரிந்து வருகிற எலக்ட்ரீஷியன்களுக்கு அதுதான் பிடிக்கும். பேமெண்ட், மொபைலில் பக்கம் திறக்கும் வேகம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான்.

என்னை மாற்றியது ரிட்டர்ன். சட்டை திரும்பி வந்தால் மடித்து மறுபடி விற்கலாம். சார்ஜர் வரும்போது சுவரில் தொங்கிய தழும்போடு வருகிறது. ஒரு 11 கிலோவாட் பெட்டி அப்படி வந்தது. மூடியில் நாலு திருகுக்கு மூன்றுதான் இருந்தது, கேபிள் நுழையும் இடத்தில் சிமெண்ட் தூசி. வாங்கியவர் வீட்டில் சிங்கிள் ஃபேஸ் லைன். த்ரீ ஃபேஸ் வேண்டுமென்று பக்கத்தில் எழுதித்தான் இருந்தது, ஒன்பதாவது வரியில்! "பெருசா வாங்கினா சீக்கிரம் ஏறும்னு நெனச்சேனுங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. 3.3, 7.4, 11, 22 என்று ஏறுவரிசையில் வைத்தால் ஃப்ரிட்ஜ் லிட்டர் மாதிரிதான் தோன்றும்.

சுவரில் உள்ள பெட்டி பெரிதாக இருந்தும் பயனில்லை, காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் இழுக்கிற அளவுதான் ஏறும். 2022-ல் அறிமுகமான டாடா டியாகோ இ.வி. கார், ஆன்போர்டு சார்ஜர் 3.3, 7.2 கிலோவாட் என இரண்டு விதமாகவும் வந்தது. 3.3 காரை 7.4 பெட்டியில் மாட்டினாலும் 3.3-தான் போகும். அதனால் என் முதல் கேள்வி காரின் பெயரோடு நிற்காது, வேரியன்ட்டையும் கேட்கும்.

இரண்டாவது, சிங்கிளா த்ரீயா. இங்கேதான் நிறையப் பேர் முழிக்கிறார்கள். 'தெரியவில்லை' என்று ஒரு பட்டன் வைத்தேன். அதைத் தொட்டால், மெயின் சுவிட்ச் பெட்டியைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும். மொத்தக் கடையிலும் உருப்படியான விஷயம் அந்தப் பட்டன்தான். மூன்றாவது, கரண்ட் மீட்டரிலிருந்து பார்க்கிங் எத்தனை மீட்டர். 7.4 பெட்டி 32 ஆம்ப் இழுக்கும், தூரம் கூடக் கூட வயர் செலவு எகிறும். கடைசியாக, மழை படும் இடமா.

பில்லில் ஒரு சின்ன விஷயம். சார்ஜருக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி., தனியாக வாங்கும் வயரிங் கூலிக்கு 18. கார்ட்டிலேயே இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டால் போனில் சண்டை வராது.

கேள்வி முறைக்கும் வம்பு உண்டு. புது வேரியன்ட் வரும்போதெல்லாம் கார் பட்டியலைத் திருத்த வேண்டும். ஒருமுறை இரண்டு வாரம் விட்டுவிட்டேன், கடை பாட்டுக்குத் தப்பான பெட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. என்னிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தனி வீட்டுக்காரர்கள். அபார்ட்மெண்டில் அசோசியேஷன் அனுமதி, பொது மீட்டர் எல்லாம் குறுக்கே வரும், அங்கே நாலு கேள்வி போதுமா என்று அடித்துச் சொல்லமாட்டேன். முழுப் பட்டியலையும் தூக்கிவிடவில்லை. பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு லிங்க், எலக்ட்ரீஷியன்கள் அதைத்தான் தட்டுகிறார்கள்.

மாறிய பிறகு ஃபேஸ் தப்பி ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. வந்தவை இரண்டு. இரண்டிலும் ஐந்து மீட்டர் கேபிள் எட்டவில்லை, காரை முன்பக்கமாக நுழைத்து நிறுத்துகிறவர்கள், சார்ஜ் போடும் மூடியோ பின்பக்கம். ஐந்தாவது கேள்வி போன வாரம் சேர்த்தேன்: 'காரை எப்படி நிறுத்துவீங்க, நேராவா ரிவர்ஸிலா?'